மங்கிய எழுத்தும் மாற்றிய வயரும்

நமது ஊர்களிலே முன்பின் அறியாத ஒருவர் படலையைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்தாரானால், அவருக்குச் செம்பிலே தண்ணீர் கொடுக்கும்போதே ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடும். "தம்பி எவடம்? ஆற்றை பிள்ளை?" என்பதே அக்கேள்வி. வந்தவர் ஊரையும் பேரையும் சொல்லிவிட்டால் காரியம் எளிதாகும். அவரை எங்கே இருத்துவது, எதைப்பற்றி உரையாடுவது, தேநீரோடு விடுவதா, சோறும் கறியும் ஆக்குவதா என்பனவெல்லாம் அந்த ஒரு விடையிலிருந்தே முடிவாகும். அவர் ஒன்றும் சொல்லாது நின்றாலோ, நம்மவர் அவரைத் துரத்திவிடுவதில்லை. திண்ணையில் இருத்தி, எவருக்கும் பொதுவான உபசாரத்தைச் செய்து, மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிடுவர். ஆள் யாரென்று தெரியாதவிடத்துக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

மேசைக் கணினியும் தன்னோடு வந்து இணையும் திரையை இவ்வாறே நடத்துகின்றது என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

கணினிப் பெட்டியிலிருந்து திரைக்குச் செல்லும் வயரிலே படம் மாத்திரமே போவதாக நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில், அவ்வயரினூடாக ஒரு சிறு சம்பாஷணையும் நடைபெறுகின்றது. கணினி, "நீ யார்?" என்று வினவும். திரை, தன்னுள்ளே வைத்திருக்கும் ஒரு சிறிய நினைவுச் சில்லிலிருந்து விடை அளிக்கும். அவ்விடை 128 பைற்று நீளமுடையது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று என்று கொண்டால், ஒரு தபாலட்டையிலே எழுதி முடித்துவிடலாம். ஆயினும் அதனுள் அடங்கியிருப்பவை பல. திரையை ஆக்கியோரைக் குறிக்கும் மூன்றெழுத்து அடையாளம், ஆக்கப்பட்ட ஆண்டு, திரையின் அகலமும் உயரமும், அதிலே கிடையாக எத்தனை ஒளிப்புள்ளிகள், நெடுக்காக எத்தனை ஒளிப்புள்ளிகள், வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க வல்லது என்பனவெல்லாம் அதிலே உண்டு. இறுதியாக ஒரு காவலும் உண்டு. அந்த 128 எண்களையும் கூட்டினால் வரும் தொகை 256 ஆல் மீதியின்றிப் பிரிபடல் வேண்டும். பிரிபடவில்லையாயின், செய்தி வழியிலே பழுதுபட்டதென்று கணினி அறிந்துகொள்ளும். கணக்கப்பிள்ளை கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பது போன்றதே இது.

இவ்வழக்கம் தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1987 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ. என்னும் முறையை வெளியிட்டபோது, பதினைந்து ஊசிகள் மூன்று வரிசையாக அமைந்த செருகி வழக்குக்கு வந்தது. அக்காலத்திலே ஓரிரு ஊசிகளின் இணைப்பைக் கொண்டு, "நான் வண்ணத் திரை" அல்லது "நான் ஒருநிறத் திரை" என்ற அளவே திரையினாற் சொல்ல இயன்றது. திரைகளுக்குப் பொதுவிதிகளை வகுக்கும் வெசா என்னும் சங்கம் 1994 இல் ஈ.டி.ஐ.டி. என்னும் விதியை வகுத்த பின்னரே, திரை தன் வரலாற்றை முழுமையாகச் சொல்லக் கற்றுக்கொண்டது. பழைய பதினைந்து ஊசிகளிலே பன்னிரண்டாவதும் பதினைந்தாவதும் இச்சம்பாஷணைக்கென ஒதுக்கப்பட்டன. அவை பேசும் பாஷை, நம் வீடுகளிலே வானொலிப் பெட்டியாற் பெயர்பெற்ற பிலிப்ஸ் நிறுவனத்தார் 1982 இல் வகுத்த இருவயர் முறையாகும்.

நிற்க. இவையெல்லாம் பொறியியலாளருக்குரிய விடயங்கள். குடும்பத்தவர்க்கும் மாணாக்கர்க்கும் இவற்றால் ஆவதென்ன என்று கேட்கலாம். பளையிலே நான் கண்ட ஒன்றைச் சொன்னால் அது விளங்கும்.

2009 இல் போர் ஓய்ந்து மக்கள் மீண்டும் தத்தம் காணிகளுக்குத் திரும்பிய பின்னர், பச்சிலைப்பள்ளிப் பகுதியிலே வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஒவ்வொன்றாகத் தலையெடுத்தன. 1990 இல் நின்றுபோன வடபாதைப் புகையிரதம் 2014 மார்ச் 4 ஆந் திகதி பளை வரையும், அவ்வாண்டு ஒக்டோபர் 13 ஆந் திகதி யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. புகையிரதத்திலும் பேருந்திலுமாகப் பொருள்களும் வந்தன. கணினிகள் பெரும்பாலும் அன்பளிப்பாகவே வருவன. பெட்டி ஓரிடத்திலிருந்து வரும். திரை இன்னோரிடத்திலிருந்து வரும். இவ்விரண்டையும் இணைக்கும் வயரோ எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே, ஒன்றையொன்று அறியாதவை ஒரே மேசையிலே வந்து கூடும் இடமாக நமது நிலையங்கள் அமைந்துவிட்டன.

அத்தகைய ஒரு நிலையத்திலே வாரத்தில் இருநாள் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அங்கே ஓர் அகன்ற திரை இருந்தது. பார்வைக்கு அழகிய திரைதான். ஆனால் அதிலே தோன்றும் எழுத்துகள் நனைந்த கடதாசியிலே மை ஊறியதுபோற் பருத்து மங்கியிருந்தன. ண, ன என்னும் இரண்டையும் வேறுபடுத்திக் காண்பதே கடினம். வட்டம் வரைந்தால் அது கோழி முட்டையைக் கிடத்தியதுபோற் காட்சியளித்தது. நிலையத்தார் அதனைப் பழைய திரையின் முதுமைக் குணம் என்று கொண்டனர். வேறொரு திரை வாங்குவதென்றும், அதற்குப் புத்தகங்களுக்கென ஒதுக்கிய பணத்தை எடுப்பதென்றும் செயற்குழு தீர்மானித்துவிட்டது.

பணத்தைக் காட்டிலும் பெரிய நட்டம் ஒன்று அங்கே நிகழ இருந்தது. பத்தாந் தரத்துப் பிள்ளை ஒருத்தி. தந்தையார் தென்னந்தோட்டத்திலே வேலை செய்பவர். சாதாரணதரப் பரீட்சைக்குத் தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். வீட்டிலே கணினி இல்லாமையால் அந்நிலையத்துத் திரையே அவளுக்குக் கதி. ஒருநாள் என்னிடம் வந்து, "சேர், என்ர கண்ணிலதான் பிழைபோல கிடக்கு. எழுத்தைப் பார்க்கத் தலையிடிக்குது. இந்தப் பாடம் எனக்குச் சரிவராது, விடப்போறன்" என்றாள். தாயாரும் உடன் வந்திருந்தார். "ஐயா, பிள்ளைக்குக் கண் தெரியாட்டி வேற பாடம் எடுக்கட்டும்" என்பது அவரது முடிவு. கண்ணைச் சோதிப்பித்தல் நன்றே. அதனைச் செய்யுமாறே நானும் சொன்னேன். ஆனால் வட்டத்தை முட்டையாகக் கண்டது அவளது கண் மாத்திரமன்று. என் கண்ணுக்கும் அது முட்டையாகவே தோன்றியது. இருவர் கண்ணும் ஒரே வகையாகப் பழுதுபடுதல் அரிது. ஆகவே பிழை திரைக்கு அப்பால் எங்கோ உள்ளது என்று துணிந்தோம்.

மங்கலுக்குக் காரணம் என்ன என்பதைப் பளைவாசிகளுக்கு விளக்குவது எளிது. தென்னந்தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிரை நிரையாகத் தென்னைகள் நிற்கின்றன. நட்ட தென்னையை நகர்த்த இயலாது. தட்டையான இக்காலத் திரையும் அவ்வாறே. கிடையாக 1920 புள்ளிகளும் நெடுக்காக 1080 புள்ளிகளும் தொழிற்சாலையிலேயே நடப்பட்டவை. அவற்றின் தொகை இருபது இலட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு. இதனையே அத்திரையின் இயல்பான தெளிதிறன் என்பர். கணினி அதே கணக்கிலே படம் அனுப்பினால், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு செய்தி போய்ச் சேரும். எழுத்து கத்தியால் வெட்டியதுபோற் கூர்மையாக நிற்கும். கணினி 1024க்கு 768 என்ற கணக்கிலே படம் அனுப்பினாலோ, கிடையாக ஒரு புள்ளிக்குரிய செய்தியை ஒன்றே முக்காலே அரைக்கால் புள்ளிகளுக்குப் பங்கிடவேண்டும். முக்காலே அரைக்கால் தென்னை என்று ஒன்று உண்டோ? திரை என்ன செய்யும்? பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து ஒருவாறு நிரப்பிவிடும். அக்கலப்பே மங்கல். குழாய் பொருத்திய பழைய பெருந்திரைகளிலே புள்ளிகள் இவ்வாறு இறுகி நில்லாமையால் இக்குறை அத்துணை தெரிந்ததில்லை.

முட்டைக்கும் கணக்கு உண்டு. 1024க்கு 768 என்பது நான்குக்கு மூன்று என்னும் விகிதம். அகன்ற திரையோ பதினாறுக்கு ஒன்பது. முன்னையதை இழுத்துப் பின்னையதை நிரப்பினால், உயரத்தைக் காட்டிலும் அகலம் மூன்றிலொரு பங்கு மிகையாகும். மூன்று சென்ரிமீற்றர் உயரமுள்ள வட்டம் நான்கு சென்ரிமீற்றர் அகலம் பெறும். அப்பிள்ளையையே அடிமட்டம் கொண்டு திரையில் அளக்கச் செய்தேன். உயரம் ஆறு, அகலம் எட்டு. "அப்ப என்ர கண் பிழையில்லை!" என்று அவள் சொன்னபொழுது, அவள் முகத்திலே தோன்றிய தெளிவு எந்தத் திரையிலும் காணக்கிடையாதது.

குற்றம் இன்னதென்று தெரிந்தது, குற்றவாளி யார்? ஐயத்துக்குரியவர் மூவர்: கணினி, திரை, இடையிலுள்ள வயர். இத்தகைய இடத்திலே ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் கழற்றி மாற்றுதல் பலர் செய்யும் தவறு. அதனாற் பிழை நீங்கினாலும், எதனால் நீங்கிற்று என்பது தெரியாது. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றவேண்டும்.

முதலிலே திரையின் சொந்தப் பட்டியலைத் திறந்தோம். திரையின் ஓரத்திலுள்ள பொத்தான்களை அழுத்தினால், இப்பொழுது தனக்கு என்ன கணக்கிலே படம் வருகின்றது என்பதைத் திரையே சொல்லும். 1024க்கு 768, 60 ஹெர்ட்ஸ் என்றது. பின்னர்க் கணினியின் காட்சி அமைப்புகளைத் திறந்தோம். அங்கே திரையின் பெயர் இருக்கவேண்டிய இடத்திலே, இன்னதென அறியப்படாத பொதுத்திரை என்ற கருத்துப்பட ஒரு வாசகம் இருந்தது. தெரிவுப் பட்டியலிலே 1920க்கு 1080 என்பது காணப்படவேயில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவுடன் செய்தி விளங்கிற்று. கணினி, "நீ யார்?" என்று கேட்டிருக்கின்றது, விடை வரவில்லை. ஆகவே, எந்தத் திரைக்கும் ஆபத்து விளைக்காத குறைந்த அளவைக் கொடுத்துத் திண்ணையிலே இருத்திவிட்டது.

அதே திரையை அதே வயரோடு வேறொரு கணினியிலே இணைத்தோம். அங்கும் அதே மங்கல். எனவே முதற் கணினி குற்றமற்றது. அடுத்து, வயரை மாத்திரம் மாற்றினோம். மறுகணமே பட்டியலிலே திரையின் பெயர் தோன்றிற்று, 1920க்கு 1080 தானாகவே வந்தமைந்தது, முட்டை வட்டமாயிற்று, ணகரத்தின் மூன்று சுழிகளும் தனித்தனியே நின்றன.

கழற்றிய வயரை ஆராய்ந்தோம். நடுவிலே கறுப்புப் பட்டி சுற்றியிருந்தது. மேசை தூரமாயிருந்தமையால் எவரோ ஒருவர் வயரை வெட்டி நீட்டி ஒட்டியிருக்கின்றார். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும், கிடை நெடுக்கு ஒழுங்குகள் இரண்டுக்கும் உரிய வயர்களை அவற்றின் மறைகளோடு செம்மையாகப் பொருத்தியிருந்தார். படம் தோன்றுவதற்கு அவை போதும். சம்பாஷணைக்குரிய இரண்டு மெல்லிய வயர்களும் வேண்டாதவை என்று கருதி வெட்டிவிட்டிருந்தார். படத்துக்கு வழி இருந்தது. பெயருக்கு வழி இருக்கவில்லை. புதிய வயரின் விலை ஒருவருடைய ஒருநாட் கூலியிலும் குறைவு. புத்தகப் பணம் புத்தகத்துக்கே மிஞ்சிற்று. அப்பிள்ளையும் பாடத்தை விடவில்லை.

மாணாக்கர் இன்னொரு குறிப்பையும் அறிந்துகொள்ளல் நன்று. வி.ஜி.ஏ. செருகியிலே ஊசி குறைந்திருந்தால் வயர் பழுதென்று உடனே முடிவுசெய்தல் கூடாது. ஒன்பதாம் ஊசி இல்லாமலே பல வயர்கள் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. பன்னிரண்டும் பதினைந்துமே பார்க்கவேண்டியவை. வளைந்த ஊசியை நிமிர்த்துவதாயின், மின்சாரத்தை முற்றாக நிறுத்திய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

இனி, 60 ஹெர்ட்ஸ் என்று மேலே கூறியது யாது? திரை வினாடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கின்றது என்னும் கணக்கே அது. நமது நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. புலோப்பளைப் பக்கத்துக் காற்றாலைகள் அனுப்பும் மின்சாரமும் அந்த 50ஓடு இசைந்தே வலையமைப்பிற் சேரவேண்டும். 1982 இல் தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சியும் 50 என்னும் கணக்கையே பின்பற்றிற்று. அவ்வாறாயின் கணினித் திரைக்கு 60 எங்கிருந்து வந்தது? அமெரிக்க மின்சாரமும் தொலைக்காட்சியும் 60 என்னும் கணக்கிலே வளர்ந்தவை. கணினித் திரையும் அந்நாட்டு வழக்கிலே பிறந்தமையால், அவ்வெண் அதனோடு உலகமெங்கும் சென்றது. சில கணினிகளிலே 59 என்று ஓர் எண் தோன்றுவதைக் கண்டு பலர் மயங்குவர். 1953 இல் அமெரிக்கர் வண்ணத் தொலைக்காட்சிக்கு விதி செய்தபோது, நிறமும் ஒலியும் ஒன்றையொன்று குழப்பாதிருக்கும் பொருட்டு 60ஐ ஆயிரத்தில் ஒருபங்கு அளவு குறைத்து 59.94 ஆக்கினர். அதுவே கணினியில் 59 என்று காட்டப்படுகின்றது. அது பழுதன்று, எழுபது ஆண்டு கடந்த ஒரு சமரசத்தின் எச்சமே.

குறைந்த அளவிலே திரை நிற்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. கணினிக்குப் புதிதாக விண்டோஸ் பதித்தபின் காட்சி அட்டைக்குரிய மென்பொருளைப் பதிக்க மறந்தால், வயர் நன்றாயிருந்தும் உரிய தெளிதிறன் கிடையாது. பாடசாலையிலே ஆசிரியர் படவெறியியை இணைத்து, இரண்டிலும் ஒரே படம் தோன்றச் செய்தால், இரண்டுக்கும் பொதுவான அளவுக்குக் கணினி இறங்கிவிடும். படவெறியியைக் கழற்றியவுடன் பெரும்பாலும் தானே சரியாகும். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பெரிய 4கே தொலைக்காட்சியிலே சுட்டி தயங்கித் தயங்கி நகருமாயின், வினாடிக்கு 30 என்ற வீதத்திலே அது ஓடுகின்றதா என்று பார்க்கவேண்டும். 3840க்கு 2160 என்பது முன்சொன்ன தொகையின் நான்கு மடங்கு. 2009 இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறை அத்துணைப் பாரத்தை வினாடிக்கு 30 தடவையே சுமக்க வல்லது. 60 தடவை சுமப்பதற்கு 2013 இல் வந்த 2.0 முறை வேண்டும். கணினி, வயர், தொலைக்காட்சி என்னும் மூன்றிலே வலிமை குறைந்தது எதுவோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். 144 ஹெர்ட்ஸ் திரையை ஆசையோடு வாங்கிய இளைஞரும், காட்சி அமைப்புகளினுள்ளே சென்று அவ்வெண்ணைத் தாமே தெரிவுசெய்யாதவிடத்து 60இலேயே நின்றுவிடக் கூடும்.

வலிந்து அளவைக் கூட்டுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. திரையின் ஆற்றலுக்கு மிஞ்சிய அளவைத் தெரிவுசெய்தால் திரை இருண்டுவிடும். அப்பொழுது பதறிப் பொத்தான்களை அழுத்தாதிருங்கள். விண்டோஸ் 15 வினாடி காத்திருந்து, உங்கள் சம்மதம் கிடையாவிடில் பழைய நிலைக்கே தானாகத் திரும்பும். விடை வராதவிடத்து ஆபத்தில்லாத வழியைக் கொள்ளும் அதே அறிவு இங்கும் காவலாக நிற்கின்றது.

குறைந்த அளவிலே தொடங்குதல் கணினியின் குற்றமன்று. அக்குறைந்த அளவையே பொருளின் உண்மையான தகுதி என்று நாம் எண்ணிவிடுவதுதான் குற்றம். நன்றாயிருந்த திரையைக் கிழடென்றோம். நல்ல கண்ணைப் பழுதென்றோம். கற்கக்கூடிய பிள்ளையைக் கொண்டு "எனக்கு வராது" என்று சொல்வித்தோம். திரையினிடத்து 1920 புள்ளிகளும் எந்நாளும் இருந்தன. அவற்றைச் சொல்வதற்குரிய இரண்டு மெல்லிய வயர்களே இல்லை. பல கைகள் மாறிய பொருள்களைக் கொண்டே பெரும்பாலும் கற்கவேண்டியுள்ள நமது பகுதியிலே, இவ்வுண்மை கணினி மேசையோடு நின்றுவிடுவதன்று. வகுப்பின் கடைசி வாங்கிலே வாய்திறவாது இருக்கும் பிள்ளையின் ஆற்றலை அளப்பதற்கு முன்னரும், நம் கேள்வி அதற்கும் அதன் விடை நமக்கும் வந்து சேர வழி இருக்கின்றதா என்று பார்த்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடமையாகும். ஒரு வயரை மாற்றிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். தனக்கு ஆற்றல் இல்லையென்று ஒரு பிள்ளை ஒருமுறை நம்பிவிட்டால், அந்நம்பிக்கையை மாற்றுவதற்கு எத்தனை ஆண்டு வேண்டும் என்று எவராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.